பன்னிரண்டு கதவுகளில் ஒரே மலை

ஆம்பூர்
24 ஜூன் 2024

தம்பி தௌசீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஜெய்ப்பூரில் வெயில் நாற்பத்தைந்து டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். தலையில் எதையாவது போட்டுக்கொண்டு வெளியே போ. இங்கே பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. உன் பங்குக் கறியை நானே சாப்பிட்டேன், அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அம்மிக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. ஆனால் இனி நடப்பது சிரமம், சக்கர நாற்காலிதான் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாற்காலி அம்மிக்குப் பழகிவிட்டது. பாத்ரூம்தான் பெரிய பேஜார். உனக்குத் தெரியுமே, முற்றத்தைத் தாண்டி இரண்டு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நானும் வேலைக்கு வரும் வள்ளியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போகிறோம். எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவர் தண்ணீர் குடிப்பதையே கம்மி பண்ணிவிட்டார்.

இன்பசேகரன் மேஸ்திரி வந்து பார்த்தார். அம்மியின் அறையோடு பாத்ரூம் சேர்க்க ஒரே வழி அலமாரிச் சுவரை உடைப்பதுதான் என்றார். அந்தப் பக்கம்தான் சாக்கடை போகிறது. சுவரில் பதித்த ஆறு அலமாரி, பன்னிரண்டு கதவு, எல்லாம் கேட்டுக்கு அடிக்கிற பச்சை. உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் பார்த்திருப்பாய். மேஸ்திரி அளவெடுக்க டேப்பை ஒரு கதவில் அழுத்தினார். பச்சை பெயிண்ட் அப்பளம் போலக் கழன்று கீழே விழுந்தது. அடியில் நீலம். நீலத்துக்குக் கீழே ஒரு மலை.

"இன்னாம்மா இது, உள்ள படம் வரைஞ்சிக்கிது" என்று மேஸ்திரி டேப்பைச் சுருட்டிவிட்டார்.

முப்பது வருஷமாக ராஜாக்கள் வீட்டுச் சுவரையும் கதவையும் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்வதுதானே உன் வேலை. இதையும் சொல். தேறும் என்றால் சுவரை விட்டுவிட்டு வேறு வழி பார்க்கிறோம். தேறாது என்றால் மேஸ்திரி மழைக்கு முன்னால் கடப்பாரையோடு வருவார். ஒரே ஒரு நிபந்தனை. நம் வீடு என்று பார்க்காதே. முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல். யார் வரைந்தது என்பதை இப்போதைக்கு விடு.

அம்மி உனக்கு சலாம் சொல்கிறார்.

துஆவுடன்,
ஃபரீதா


ஜெய்ப்பூர்
8 ஜூலை 2024

மரியாதைக்குரிய ஆபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். சாரத்தில் ஏறி இறங்கி என் முழங்கால்தான் சத்தம் போடுகிறது. அம்மியை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்.

போனில் மூன்று தடவை கத்திப் பார்த்தேன். உன் காது மெஷின் விசில் அடித்ததுதான் மிச்சம். கடிதமே நல்லது. போட்டோவும் அனுப்பாதே. போன் எல்லா நீலத்தையும் அழகாக்கிவிடும், அதை நம்பி நான் எடை போட முடியாது. கதவின் மூலையிலிருந்து நகக்கண் அளவுக்குப் பிளேடால் சுரண்டி எடுத்து, தாளில் ஒட்டி, இடமிருந்து எத்தனையாவது கதவு என்று எழுதி அனுப்பு. படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் காட்டு. புவியியல் டீச்சருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் பார்ப்பது மூன்றே விஷயம்தான். பழகிய கையா, நல்ல பொருளா, இனி எத்தனை நாள் தாங்கும். நூறு வீட்டில் தொண்ணூற்றைந்து வீட்டில் ஒன்றும் இருக்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் கோபப்படாதே.

அம்மிக்கு என் சலாம்.

உன் தம்பி,
தௌசீப் அகமது


ஆம்பூர்
19 ஜூலை 2024

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய். வயது ஐம்பத்தொன்று ஆகிறது, இன்னும் சாரத்தில் குரங்கு மாதிரி ஏற வேண்டாம்.

முதல் மூன்று கதவுகளின் துணுக்குகளை ஒட்டியிருக்கிறேன். மூன்று கதவிலும் ஒரே மலைதான். இரண்டு உச்சி உள்ள மலை, நடுவில் பள்ளம். முதல் கதவில் இடது ஓரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டரில் இருக்கிறது. இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் பத்தரை. மலைக்குக் கீழே வேர்க்கடலைக் கொல்லை, வெறும் மணல், ஒரு கதவில் நான்கைந்து பனைமரம். எல்லாக் கதவிலும் குறுக்கே நான்கு கோடு, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, கரும்பழுப்பில். கோடு மலையைக்கூட விடாமல் அதன் மேலேயே போகிறது. அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பச்சை பெயிண்டின் கீழே நகத்தை விட்டால் போதும், தானாக வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உரிக்கிறேன். அம்மி கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் மணி பதினொன்று ஆனால், "தபால்காரன் வந்தானா பாரு" என்பார். அவருக்கு இப்போது தபால்காரர் மேல் பிரியம் ஜாஸ்தி.

சீக்கிரம் எழுது. மேஸ்திரி ஆவணியில் வேறு வேலை ஒப்புக்கொள்ளப் போகிறாராம்.

ஃபரீதா


ஜெய்ப்பூர்
5 ஆகஸ்ட் 2024

அன்பான ஆபாவுக்கு,

ஸலாம். எண்ணெய் தேய்த்தேன், பரவாயில்லை. உன் கடிதம் மழையில் நனைந்து வந்தது, துணுக்குகள் பத்திரம்.

நீ கேட்டபடி முன்பின் தெரியாதவர் வீட்டுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். இது தேறாது.

இந்த வர்ணம் ஓவிய வர்ணமே இல்லை. தோல் பதனிடும் ஷெட்டில் தோலுக்குப் பூசுகிற வர்ணம். எழுபதுகளில் டப்பா டப்பாவாக வந்தது. ஷெட்டில் வேலை பார்த்த நம் அப்பா மாதிரி யாரோ மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வீணாக்காமல் பூசியிருக்கிறார்கள். மரத்துக்கு அடிப்பூச்சு கிடையாது. ஒரே மலையைக் கதவுக்குக் கதவு நகல் எடுத்திருக்கிறார்கள், அதையும் ஒரே இடத்தில் வைக்கத் தெரியவில்லை, நகர்ந்து நகர்ந்து போகிறது. அந்த நான்கு கோடு படம் போடுவதற்கு முன் இழுத்துக்கொள்ளும் அளவுக்கோடு. அழிக்க மறந்திருக்கிறார்கள். மொத்தத்தில் சின்னப் பிள்ளை வேலை.

சுவரை உடைத்துவிட்டு அம்மிக்குப் பாத்ரூம் கட்டு. அதுதான் முக்கியம். கதவுகள் வேப்பமரம் என்றால் மேஸ்திரியே எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மியின் உடம்பைப் பார்த்துக்கொள். ரம்ஜானுக்கு வர முயற்சி செய்கிறேன்.

தௌசீப்


ஆம்பூர்
12 ஆகஸ்ட் 2024
(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

தௌசீப்,

சலாமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை.

சின்னப் பிள்ளை வேலை என்று எழுதியிருக்கிறாய். இதே வார்த்தையை நான் நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் கேட்டேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, உனக்கு நான்கு. ஈத் அன்று பேரணாம்பட்டிலிருந்து வந்த அப்பாவின் அண்ணி இந்தக் கதவுகளைப் பார்த்துவிட்டு, "இன்னா ஹலீமா, கொழந்தைங்க கிறுக்கி வெச்சிக்கிதா?" என்று சிரித்தார். அம்மியும் கூடவே சிரித்தார். ஆமாம் என்றுகூடச் சொன்னார். அடுத்த வாரம் கேட்டுக்கு வாங்கிய பெயிண்டில் மிச்சம் இருந்ததை எடுத்து, பன்னிரண்டு கதவுக்கும் தன் கையாலேயே அடித்தார். ஒரே நாளில் அடித்து முடித்தார். அன்றைக்கு ராத்திரி நமக்குச் சோறுகூட ஆக்கவில்லை.

வரைந்தது அம்மி. அப்பா ஷெட்டிலிருந்து பால் டின்களில் வர்ணம் கொண்டுவந்து கொடுப்பார். நான் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். மத்தியானம் நீ தூங்கும் நேரத்தில்தான் வரைவார். எட்டு மாதம் ஆனது.

மேஸ்திரி டேப் வைத்த அன்று அம்மி என்னைக் கூப்பிட்டு, "தௌசீப்கிட்ட கேளு. நான்தான்னு சொல்லாத. பெத்தவன்னு தெரிஞ்சா நல்லாக்கீதுன்னு சொல்லிடுவான். எனக்கு நெசம் தெரியணும்" என்றார். எண்பது வயதில் ஒரு பெண் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதை எப்படி நான் அவருக்குப் படித்துக் காட்டுவேன், நீயே சொல்.


ஆம்பூர்
16 செப்டம்பர் 2024

தம்பி தௌசீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஐந்து வாரமாக எழுதவில்லை. எனக்குக் காய்ச்சல், அம்மிக்குச் சளி, இப்போது இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

சுவரை இன்னும் உடைக்கவில்லை. மேஸ்திரியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் தீர்ப்பை நான் மதிக்கிறேன், ஆனால் மூன்று கதவை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. பத்தாம் வகுப்பில் மூன்று கேள்வி மட்டும் எழுதிய பையனுக்குக்கூட நான் முழுத் தாளையும் புரட்டிப் பார்த்துத்தான் மார்க் போடுவேன்.

அடுத்த தெரு அதாவுல்லா பாய் வந்து பார்த்தார். ஷெட்டில் ஃபினிஷிங் செக்‌ஷனில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். கதவில் விரலை ஓட்டியவர் கையை எடுக்கவே இல்லை. "பெயிண்டா இது? தோலுக்குப் போடற மெருகு. பால் பசையில கலர் கலந்து, ஒவ்வொரு கோட்டிங்கும் காஞ்சதும் கண்ணாடி பாட்டிலை வெச்சித் தேச்சித் தேச்சி ஏத்திக்கிறாங்க. நாங்க மிஷின்ல போட்டதைவிட நல்லாக்கீது. இது மேல எந்தப் பெயிண்டும் ஒட்டாது, நூறு வருசம் ஆனாலும் உரிஞ்சி வந்துடும்" என்றார். போகும்போது, கும்பிடுவது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பதினொரு கதவை உரித்துவிட்டேன். ஏழாவது மட்டும் பாக்கி. அதற்கு முன்னால் அம்மியின் கட்டில் இருக்கிறது, நகர்த்த ஆள் வேண்டும். பதினொன்றுக்கும் தனித்தனித் தாளில் கதவின் பாதி அளவுக்கு வரைந்து, வர்ணத் துணுக்கும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். மலை எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், கோடுகள் எந்த உயரம், எல்லாவற்றையும் மில்லிமீட்டர் சுத்தமாகக் குறித்திருக்கிறேன். மறுபடி பார். உன்னிடம் நான் கேட்கும் கடைசி உதவி என்று வைத்துக்கொள்.

அம்மியிடம் தபால் தாமதம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

துஆவுடன்,
ஃபரீதா


ஜெய்ப்பூர்
27 செப்டம்பர் 2024

ஆபா,

இதை உட்கார்ந்துகொண்டு படி. நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

நீ அனுப்பிய பதினொரு தாளையும் ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக ஒட்டினேன். ஏழாவது இடத்தைக் காலியாக விட்டேன். உன் மனசு நோகக் கூடாதே என்றுதான் ஒட்டினேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன்.

மலை திரும்பியது.

நின்றேன், அதுவும் நின்றது. மறுபடி நடந்தேன். இரண்டு உச்சியும் முதலில் விலகி இருக்கின்றன. போகப் போக நெருங்குகின்றன. ஒன்றுக்குப் பின்னால் மற்றது ஒளிந்துகொள்கிறது. பத்தாவது தாளில் மறுபக்கமாக எட்டிப் பார்க்கிறது. பனைமரங்கள் வேகமாகப் போகின்றன, மலை மெதுவாகப் போகிறது. எட்டாவது தடவை நடந்தபோது டீ முழுக்க ஆறிப்போயிருந்தது.

ஒரே மலையை நகல் எடுத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். எவ்வளவு பெரிய மடையன் நான். ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து பார்த்த மலை அது. அளவுக்கோட்டை அழிக்க மறந்துவிட்டார்கள் என்று எழுதினேன். அது பழைய பாசஞ்சர் வண்டியின் சன்னல் கம்பி, ஆபா. பன்னிரண்டு கதவும் பன்னிரண்டு சன்னல். அந்த அறையில் ஒரு ரயில் நாற்பது ஐம்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் அதில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் கேள். கீழிருந்து இரண்டாவது கம்பிக்கு நேராக அடிவானம் இருக்கிறது. பார்த்தவரின் கண் அவ்வளவு தாழ்வாக இருந்திருக்கிறது. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்து, கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்த ஒருவர். ஓடும் வண்டியில் யாரும் அளவெடுக்க முடியாது. மனசில் வைத்திருந்து பிறகு வரைந்திருக்கிறார். ஒரு கதவிலாவது மலை தப்பான இடத்தில் இருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இல்லை. அரண்மனைகளில் தங்கத் தூள் தூவிய சுவர்களையெல்லாம் தொட்டிருக்கிறேன், அங்கெல்லாம் என் டீ ஆறிப்போனதில்லை.

அதாவுல்லா பாய் சொன்னதும் சரி. துணுக்கைச் சூடாக்கினேன், முடி கருகும் வாடை வந்தது. பால் பசைதான். பூதக்கண்ணாடியில் பதினாறு பூச்சு எண்ணினேன்.

சுவரை உடைக்காதே. யாரையும் தொட விடாதே. அம்மிக்குக் கட்டிலோரம் ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போடு, கீழே ஒரு பக்கெட் வைத்தால் போதும். சிரமம்தான். நம் வீட்டுக்காக எத்தனையோ பொறுத்துக்கொண்டவர், இதையும் பொறுத்துக்கொள்வார். நான் சொன்னேன் என்று சொல்.

யார் இவர்? ரயில்வேக்காரர் யாராவது நம் வீட்டில் குடியிருந்தார்களா? எப்படியாவது பெயரைக் கண்டுபிடி.

நீங்கள் இருவரும் சுகம்தானே?

தௌசீப்


ஆம்பூர்
7 அக்டோபர் 2024

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உன் கடிதத்தை அம்மிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மலை திரும்பியது" என்ற வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். கண் தாழ்வாக இருந்தது என்று நீ எழுதிய இடத்தில், "இது அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?" என்று கேட்டார். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பக்கெட் வரியையும் படித்தேன். வாங்கிவிடு என்றார். வாங்கிவிட்டேன்.

வள்ளியம்மாளின் மருமகன் வந்து கட்டிலை நகர்த்திக் கொடுத்தான். ஏழாவது கதவையும் உரித்தேன். அதில் மலை இல்லை. கம்பி நான்கும் தெளிவாக இருக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம் பச்சையும் நீலமும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலங்கிப்போய் இருக்கிறது. மெருகு மட்டும் மற்றதைப் போலவே பளபளப்பு. அம்மியிடம் காட்டினேன். எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெயர் விஷயம் பிறகு எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஃபரீதா


ஜெய்ப்பூர்
16 அக்டோபர் 2024

அன்பு ஆபாவுக்கு,

ஸலாம். முழங்காலைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. ராத்திரி கண்ணை மூடினால் மலை போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஏழாவது கதவைப் பற்றிக் கவலைப்படாதே. தண்ணீர் பட்டு வர்ணம் கலங்கியிருக்கும், அல்லது அவருக்கு அலுத்துப்போயிருக்கும். டிசம்பரில் லீவு போட்டு வருகிறேன். அதே பால் பசையில் வர்ணம் கலக்கி நானே அந்த மலையைப் போட்டுவிடுகிறேன். கணக்குப் பண்ணிவிட்டேன், இடது ஓரத்திலிருந்து இருபத்தாறு சென்டிமீட்டரில் வர வேண்டும். நான் போட்டது எது, அவர் போட்டது எது என்று யாருக்கும் தெரியாது.

அதுவரை சுவரில் ஒரு ஆணிகூட வேண்டாம். அம்மி பொறுத்துக்கொள்வதற்கு அல்லாஹ் கூலி கொடுப்பான்.

தௌசீப்


ஆம்பூர்
25 அக்டோபர் 2024

தௌசீப்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இரு.

நான் அம்மியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அதை மீறுகிறேன்.

தினமும் காலையில் அந்தப் பக்கெட்டை வள்ளியம்மாள்தான் எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் முகம் சுளிப்பதில்லை, நல்ல பெண். ஆனால் அவள் அதைத் தூக்கும்போது அம்மி கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். வள்ளியம்மாள் முற்றத்தைத் தாண்டும் வரை திறப்பதில்லை. மறுபடி தண்ணீரைக் குறைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், தாகம் இல்லை என்கிறார். மேஸ்திரியை வரச் சொல்லட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். "வேணாம். தௌசீப் அவ்ளோ ஆசையா எழுதிக்கிறான்" என்றார்.

நீ பெயர் கேட்டாயே. ரயில்வேக்காரர் யாரும் இங்கே குடியிருக்கவில்லை. அறுபத்து மூன்றில் நிக்காஹ் முடிந்து வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்கு பாசஞ்சர் வண்டியில் வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம். அதன் பிறகு தாய்வீட்டுக்குப் போனதெல்லாம் பஸ்ஸில்தான். பதின்மூன்று வருஷம் கழித்து, உன் அப்பா கொண்டுவந்த தோல் வர்ணத்தில் அதை வரைந்தாள். அவள் பெயர் ஹலீமா பீ.

எந்த ஓவியருக்காக நம் அம்மியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாயோ, அந்த ஓவியர்தான் பக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை நான் அவருக்குப் படிக்கவில்லை. அது வரவில்லை என்றே இருக்கட்டும், நம் இருவரோடு போகட்டும்.

ஃபரீதா


ஜெய்ப்பூர்
2 நவம்பர் 2024

அம்மி,

தௌசீபின் சலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆபா இதைப் படித்துக் காட்டுவாள். ஆகஸ்டில் நான் ஒரு கடிதம் எழுதினேன், அவள் உங்களிடம் மறைத்துவிட்டாள். அதில் இது தேறாது, சின்னப் பிள்ளை வேலை என்று எழுதியிருந்தேன். மறைத்தது போதும், உங்களுக்குத் தெரிய வேண்டும். செப்டம்பரில் எழுதியது உங்கள் மகன் எழுதியது இல்லை, யார் வரைந்தது என்றே தெரியாத ஒருவன் எழுதியது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

சுவரை உடைத்துவிடுங்கள். பக்கெட்டை இன்றைக்கே தூக்கிப் போடச் சொல்லுங்கள். பதினைந்தாம் தேதி ராத்திரி ஊருக்கு வந்துவிடுவேன். கதவுகளை வேறு யாரும் கழட்ட வேண்டாம், அதை மட்டும் எனக்குக் கொடுங்கள்.

ஏழாவது கதவை நான் சரிசெய்வதாக எழுதியிருந்தேன். இப்போது அந்தத் தைரியம் இல்லை. கேட்கத்தான் தோன்றுகிறது. அங்கே மலை ஏன் இல்லை, அம்மி?

உங்கள்,
தௌசீப்


ஆம்பூர்
10 நவம்பர் 2024

தௌசீப் மியானுக்கு,

அம்மியின் துஆ. நான் சொல்லச் சொல்ல ஃபரீதா ஏட்டுத் தமிழில் எழுதுகிறாள். நடுவில் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நான் பொறுப்பில்லை. உடம்பு பரவாயில்லை. தண்ணீர் குடிக்கிறேன்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது எனக்குத் தெரியும். தபால்காரன் பெல் அடித்தது கேட்டது. அப்புறம் ஃபரீதா அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டியதும் கேட்டது. என்ன எழுதியிருப்பாய் என்று அதிலேயே புரிந்துகொண்டேன். இரண்டு நாள் மனசு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பேரணாம்பட்டு அண்ணி ஒரு தடவை பார்த்துச் சிரித்ததோடு சரி. நீ மறுபடி பார்த்தாய். பார்க்க வேண்டியவன் பார்த்துவிட்டான். இனிமேல் எனக்கு அந்தச் சுவர் வேண்டாம், பாத்ரூம்தான் வேண்டும். குழாயில் வெந்நீர் வர வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.

ஏழாவது கதவைக் கேட்டாய். தண்ணீர் படவில்லை, எனக்கு அலுக்கவும் இல்லை. நிக்காஹ் முடிந்து வந்த அன்றைக்கு எங்கள் அண்ணன் விண்ணமங்கலம் வரைக்கும் வண்டியில் கூட வந்தார். அங்கே இறங்கி, சன்னல் கம்பிக்கு வெளியே நின்று என் தலையில் கையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வண்டி கிளம்பியதும் அழுதேன். கொஞ்ச தூரத்துக்குக் கம்பியும் வெளிச்சமும்தான் தெரிந்தது, மலை தெரியவில்லை. நான் பார்த்ததைத்தான் வரைந்தேன். பார்க்காத மலையை எப்படி வரைவது?

மேஸ்திரி பதினெட்டாம் தேதி திங்கள்கிழமை வருகிறார். அதற்கு முன்னால் கதவுகளை நீ கழட்டிக்கொள், ஸ்க்ரூ டிரைவர் வீட்டிலேயே இருக்கிறது. நீ கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.

அம்மி